ஐந்தாவது சேர்க்கை

"இருங்க டீச்சர், உள்ள ஒரு வார்த்த கலந்து பேசிட்டு வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து எழுந்து போகிறார், அவர் பின்னாலேயே அவர் மனைவி பாக்கியமும். சமையலறைக்குக் கதவு இல்லை. பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அது அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆடுகிறது. மகள் கோபிகாவை எனக்குக் கூல்டிரிங்க்ஸ் வாங்கக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை சொல்லவில்லை. தாகமாக இருக்கிறது. வீடெல்லாம் முருங்கைக்காய் வாசனை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் சின்ன வண்டி வாசலில் நிற்கிறது, நாச்சிமுத்துவின் சொந்த வண்டி. அதன் நிழலில் ஒரு கோழி படுத்திருக்கிறது. என் மடியில் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பை. அதற்குள் நான்கு பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வோர் உறையிலும் ஒரு பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். உதவிப் பேராசிரியர் சித்ரகலா என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கிறது, ஆனால் கோடை வந்துவிட்டால் எங்கள் எல்லாருக்கும் ஒரே வேலைதான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு ஐந்து. ஐந்து பிடித்தவர்களுக்குத்தான் மார்ச்சிலிருந்து நிறுத்தி வைத்திருக்கும் சம்பளம். "பணம் அப்புறம் வரட்டும், டி.சி.யக் கையோட வாங்கிட்டு வாங்க" என்பார் டீன். மதிப்பெண் பட்டியலை இணையத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டி.சி. ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பீரோவுக்குள் வந்துவிட்டால் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. எனக்கு நான்கு ஆகிவிட்டது. இந்தப் பெண் ஐந்தாவது.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் நகர்கிறது. பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்காதபடி பேசுகிறார்கள். பாக்கியம் கேட்ட கேள்வி இன்னும் இந்த அறையிலேயே நிற்கிறது போல இருக்கிறது. நான் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள், எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு எம்புட்டு சம்பளம் டீச்சர்?" என்று கேட்டாள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு சம்பளம். யார் வந்தாலும் கேட்பதுதான். "நாப்பத்தஞ்சுங்க" என்றேன். ஏன் நாற்பத்தைந்து? பேப்பரில் முப்பத்தொன்று. பிடித்தம் போகக் கைக்கு வருவது இருபத்தேழு, அதுவும் வரும்போதுதான். முப்பத்தொன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது நாற்பத்தைந்து. எம்.இ. படித்தது நினைவுக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு பிஎச்.டி. இல்லாவிட்டால் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னார்கள், அதற்காக இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்து ஆறு வருஷம் பணம் கட்டினேன். நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது. கடைசியில் ஒரு தாலிக்கொடி மிஞ்சியது, அதுவும் கவரிங்கா தங்கமா என்று அம்மாவே பிடித்துப் பார்த்துத்தான் நம்பினாள். இத்தனைக்கும் பிறகு முப்பத்தொன்று என்று சொன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாள் என்ன நினைப்பாள்? காய் ஏற்றுகிற தன் புருஷன் நல்ல மாதத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொண்டுவருகிறான் என்று நினைப்பாள். நினைத்தால் என்ன? நினைத்திருந்தால் நான் இந்நேரம் எழுந்து போயிருக்கலாம். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் இந்த மாதத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார். போயிருக்க முடியாது.

கணக்குப் போடக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பொறியியல் பொருளாதாரம் எடுப்பது நான்தான், கை தானாகப் போட்டுவிடும். ஓர் இயந்திரம் வாங்கினால் போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு பிள்ளைகூட, மேடம், இயந்திரத்துக்குப் பதிலாக என்னைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதில்லை. கேட்டால் நன்றாக வரும். வருஷத்துக்கு இரண்டு லட்சம் கட்டணம், நான்கு வருஷத்துக்கு எட்டு. பஸ், பரீட்சை, மடிக்கணினி, அது இது என்று பத்து. வட்டியைச் சேர்க்கவில்லை. முடித்து வெளியே போனால் பதினெட்டாயிரமோ இருபதாயிரமோ. சென்னையில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் இரண்டு வேளைச் சோறும் எட்டாயிரம். பஸ், போன், சோப்பு, வீட்டுக்கு வரப்போக. மீதி இருப்பதில் படிப்புக் கடனின் தவணையைக் கட்ட முடியாது, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சம் இடிக்கும், அந்த இடிக்கிற தொகைக்கு வட்டி ஏறும். கணக்கு முன்னால் போகாமல் பின்னால் நகரும். மறுபக்கம் அரசுக் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம். அங்கே முடித்தவர்களுக்கும் பதினைந்தாயிரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எது லாபம் என்று ஒப்பிட வரவைச் செலவால் வகுக்க வேண்டும், செலவு பூஜ்யமாக இருந்தால் வகுக்க முடியாது. அங்கே கை நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. இரண்டு லட்சம், எட்டு, பத்து. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதையே ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்கிறேனோ, ஒப்பிடவே முடியாத இரண்டு என்று சொல்லிக்கொள்வதற்காக? சில பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள். வராமல் இல்லை. ஒரு வகுப்பில் மூன்று பேர், நான்கு பேர். இந்தப் பெண் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியிருக்கிறாள். அந்த மூன்று நான்கு பேரில் ஒருத்தியாக இவள் இருக்கலாம். என் பழைய மாணவன் ரீகனும் தொண்ணூற்றெட்டுதான்.

ரீகனின் முகம் நான் வீடு வீடாகக் கொடுக்கும் பல்கலைக்கழகக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கழுத்துப்பட்டையும் சிரிப்புமாக, கீழே வருஷத்துக்கு ஆறரை லட்சம் என்று மஞ்சள் எழுத்து. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துத்தான் கொடுப்பேன், ஆனால் பாக்கியம் பிரித்துவிட்டாள். "இந்தப் பையன் நல்லா இருக்கானா டீச்சர்?" "நல்லா இருக்கான்" என்றேன். உயிரோடு இருக்கிறான், காய்ச்சல் கீய்ச்சல் இல்லை, அதனால் பொய் இல்லை. கேம்பஸில் தேர்வானதும் கடிதம் வந்தது, ஆறரை லட்சம் என்று அதில் இருந்ததும் உண்மைதான். ஆனால் வேலையில் வந்து சேரச் சொல்லி அந்தக் கம்பெனி அவனைக் கூப்பிடவே இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தான். இப்போது சென்னையில் ஏதோ வங்கிக்காக நாளெல்லாம் போனில் பேசுகிறான், பதினெட்டாயிரம். போன மாதம் எனக்குக் கூப்பிட்டான். "மேடம், எங்க ஊருக்குள்ள வர்ற காலேஜ் பஸ்ஸோட முதுகுலயே என் மூஞ்சி இருக்கு. சித்தப்பா அதப் பாத்துட்டு ஒரு லட்சம் கைமாத்து கேக்குறாரு. இல்லைன்னேன். ஆறரை லட்சக்காரன் இல்லைங்கிறான்டான்னு டீக்கடையில உக்காந்து சொல்றாராம். அந்தப் படத்தையாவது கிழிக்கச் சொல்லுங்க மேடம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு டீனிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "லெட்டர் வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல? அப்ப படம் இருக்கும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு எத்தன ஆச்சு சித்ரகலா?" என்றார். மூன்று என்றேன். அப்போது மூன்று. ரீகனுக்கு மறுபடி நான் கூப்பிடவில்லை. என்ன சொல்வது? பஸ் முதுகில் இருக்கிறவன் வெயிலில் சாயம் போய்க்கொண்டிருக்கிறான், இன்னும் ஒரு கோடை போனால் அடையாளம் தெரியாது, அதுவரை பொறுத்துக்கொள் என்றா?

இப்போது உள்ளே பேச்சு கேட்கிறது. குரலைத் தாழ்த்துகிறார்கள், ஆனால் இந்தச் சின்ன வீட்டில் தாழ்த்தின குரலும் கேட்கும். "நம்ம சக்திக்கு இது ஆகுமா பாக்கியம்?" "ஆகாதுன்னா எதுதான் ஆகும்? ஒத்தப் புள்ள." "அரசாங்கக் காலேஜுல எடம் வரும்னு சொல்றாளே." "வந்து? கணக்குப் படிச்சிட்டுக் கடையில பில்லு போடவா? அந்தம்மாவப் பாருங்க, ஒரு பொம்பள, ஏசி ரூமுல உக்காந்து நாப்பத்தஞ்சு வாங்குது." என் காது அந்தச் சேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு நாச்சிமுத்துவின் குரல், மார்க்கெட்டில் மூட்டைக்கு விலை போடுகிறவரின் குரல், நிதானமாக: "நாப்பத்தஞ்சுன்னா வருசத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல. ரெண்டு வருசத்துல போட்டத எடுத்துறலாம்." "அதத்தான நானும் சொல்றேன்." என்னுடைய எண் அது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண்ணை எடுத்து அவர் வகுக்கிறார். வகுத்தது சரி. நான் எழுதியிருந்தாலும் அதே விடைதான் வரும். வேர்க்கிறது, மின்விசிறி என் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. எழுந்து போய்த் திரையை விலக்கி, அண்ணா, அது நாற்பத்தைந்து இல்லை, இருபத்தேழு, அதுவும் மார்ச்சிலிருந்து வரவில்லை என்று சொன்னால் போதும். நான்கு அடி இருக்குமா? சொன்னால் அவர் என்ன செய்வார்? கோபப்பட மாட்டார். "ஐயோ, அப்புடியா டீச்சர், சாப்பிட்டுப் போங்க" என்பார். அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போய் நாளைக்குக் கூட்டத்தில் நான்கு என்று சொல்ல வேண்டும். காலையில் எல்லாரையும் நிற்க வைத்து ஒவ்வொருவராக எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். கெமிஸ்ட்ரி ஆரோக்கியசாமி சார் பூஜ்யம் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, அடுத்த வாரம் அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயது. பிஎச்.டி. தங்கப் பதக்கம். சொல்ல வேண்டாம். ஆனால் சொல்லலாம். எண்ணை மட்டும் குறைக்கலாம், முப்பத்தைந்து என்று. பிடித்தம் போக என்று. குறைத்தால் மூன்று வருஷத்தில் எடுத்துவிடலாம் என்று அவர் வகுப்பார், அவ்வளவுதான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அவர் வகுத்துவிடுவார். கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

செருப்புச் சத்தம். கோபிகா உள்ளே வருகிறாள், கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில், நெற்றியெல்லாம் வேர்வை. எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க ஊற்றி என்னிடம் நீட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து நிற்கிறாள். உள்ளே பார்த்துக் கண்ணால் சிரிக்கிறாள். "இன்னும் மாநாடு முடியலையா மேடம்?" "இல்ல" என்கிறேன். "எங்கம்மா இன்ஜினியர்னா பாலம் கட்டுறவங்கன்னு நெனச்சிட்டு இருக்கு. நீங்க சொன்ன கோர்ஸ்ல பாலமே கெடையாதுன்னு சொன்னேன். அப்ப பாலம் இருக்கறதாப் பாத்து வாங்குடிங்குது." கடையில் காய் வாங்குவது போல. நானும் சிரிக்கிறேன். ஆரஞ்சு நிறம் தொண்டையில் இனிப்பாக இறங்குகிறது, இறங்கிய இடமெல்லாம் ஒட்டுகிறது. அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "மேடம், நாளைக்கு அரசுக் கல்லூரியில எனக்குக் கவுன்சிலிங். மேத்ஸ். எங்க மிஸ் போ போன்னு சொல்றாங்க. நான் எதுல சேரணும், நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணா இருந்தா எங்க சேப்பீங்க?" என்கிறாள். எனக்குப் பெண் இல்லை, பையன் இருக்கிறான், எட்டாவது. அதைச் சொல்கிறேன். "பையன்னா ஒன்பதாவதுல இருந்தே கோச்சிங் போட்டுறணும்" என்று சேர்க்கிறேன். அவள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் பார்ப்பார்கள், வகுப்பில் ஒரு கணக்கைப் பாதியில் அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது பார்ப்பார்களே, அது மாதிரி. கையை நீட்டிக் காலி டம்ளரை வாங்கிக்கொள்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரை விலகுகிறது.

நாச்சிமுத்து முகம் கழுவியிருக்கிறார். புதுச்சட்டை. ஒரு நல்ல காரியத்துக்கு வருகிற மாதிரி வருகிறார், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு. பாக்கியம் அதில் குங்குமம் வைத்திருக்கிறாள். டி.சி.யின் மேல் இல்லை, உறையின் மேல். "டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு ஏதோ கவுன்சிலிங்னு புள்ள சொல்லுது. அதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு, இல்லைன்னு ஆனா அப்புறம் இத உங்க கையில குடுத்தா ஆகாதா?" ஆகும். தாராளமாக ஆகும். நாளைக்கு இல்லை, இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கும், எப்போதும் இருக்கும், பாதி வகுப்பறைகளில் பெஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கிடக்கின்றன. என் குரல் எனக்குக் கேட்கிறது, வகுப்பில் பேசுகிற தெளிவான குரல். "எங்க எடம் இன்னைக்கோட முடியுதுங்க. அங்க போறதுக்கு ஜெராக்ஸ் காட்டினாப் போதும்." "எங்க மிஸ் ஒரிஜினல்தான் கேப்பாங்கன்னு…" என்று கோபிகா ஆரம்பிக்கிறாள். பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலேஜுலயே வேல பாக்குறவங்களுக்குத் தெரியாதது உங்க மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். வாய மூடு." கோபிகா வாயை மூடிக்கொண்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கோபமாக இல்லை, நான் ஆமாம் சொன்னால் நம்பிவிடுவதற்குத் தயாராக. "போதும்மா" என்கிறேன். "சரி மேடம்" என்கிறாள். நாளைக் காலையில் அவள் ஜெராக்ஸோடு அந்த மேசை முன்னால் நிற்பாள், அவர்கள் ஒரிஜினலைக் கேட்பார்கள், இல்லை என்பாள், வரிசையில் அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிடுவார்கள். உறை என் கைக்கு வருகிறது. குங்குமம் விரலில் ஒட்டுகிறது. பையில் வைத்து ஜிப்பை இழுக்கிறேன், அது பாதியில் சிக்கி, பிறகு மூடுகிறது.

பஸ் ஸ்டாண்டில்தான் பல்கலைக்கழக வேன் நிற்கிறது, நடந்தே போய்விடுவேன் என்றேன், நாச்சிமுத்து கேட்கவில்லை. வண்டியின் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இருக்கையில் பழைய துண்டை விரித்துப் போட்டிருக்கிறார். சாலையின் இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம், வெயில், மறுபடி தோட்டம். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "இந்த வண்டிய மார்க்கெட்டுல ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்தாரு டீச்சர். இப்பத்தான் மூஞ்சி கழுவப் போனப்ப கொல்லையில இருந்து போனைப் போட்டுச் சொல்லிட்டேன், எடுத்துக்கப்பான்னு. மொத வருச ஃபீஸுக்கு ஆச்சு." நான் திரும்பிப் பார்க்கிறேன். வங்கிக் கடன் வாங்குவார் என்றுதான் நினைத்திருந்தேன், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். "பேங்க்ல லோன் குடுப்பாங்களேங்க." "லோனு புள்ள தலையிலல்ல விழும்? படிச்சு முடிச்ச அன்னைக்கே கடன்காரியாவா நிக்கணும்? வேணாம். அவருக்கே கூலிக்கு ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். அதே வண்டி, அதே ரோடு. சாவி மட்டும் சாயங்காலம் அவருகிட்ட போயிரும்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பை என் மடியில் இருக்கிறது. ஜிப்பைத் திறந்து ஓர் உறையை எடுத்து இந்தத் துண்டின் மேல் வைத்தால் முடிந்தது. அந்த வேப்பமரம் வரட்டும் என்று நினைக்கிறேன். வேப்பமரம் போய்விட்டது. பெட்ரோல் பங்க் வரட்டும். இரண்டாம் வருஷத்துக்கு எதை விற்பார்? அதைக் கேட்கலாம், கேட்டால் அவரே யோசிப்பார், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் முகம் வருகிறது, படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. பெட்ரோல் பங்க்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டின் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். இறங்குகிறேன். அவரும் சுற்றிக்கொண்டு வந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறார். "உங்க நம்பரச் சொல்லுங்க டீச்சர். எங்களுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரையும் தெரியாது. எதுன்னாலும் உங்களத்தான் கேக்கணும்." ஓர் எண்ணை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன், கடைசி எண்ணை மட்டும். அவர் ஒவ்வொன்றாக அழுத்துகிறார், ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்கிறார். சரியான எண்ணைத்தான் சொல்கிறேன். "மிஸ்டு கால் குடுக்குறேன், பதிஞ்சு வச்சுக்கங்க. நாளைக்குக் கவுன்சிலிங் போய்ட்டு என்ன சொன்னாங்கன்னு அங்க இருந்தே உங்களுக்குக் கூப்பிடுறோம்." என் கையில் போன் அதிர்கிறது. அவர் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் சத்தமாக, "வருதா? டீச்சர், வருதா?" என்கிறார்.

"வருதுங்க" என்கிறேன்.